கேட்கிற இடமும் கூப்பிடுகிற இடமும்

பிப்ரவரி 4

அன்புள்ள ஒயருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணன், அத்தை, நான், உருண்டை நான்கு பேரும் காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லாமல் இருக்கிறோம். அந்தத் தீவில் நீ எப்படி இருக்கிறாய்? கப்பலில் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். வானிலை பலூன் விடப் போகும்போது ஞாபகமாகப் போட்டுக்கொள்.

முதலில் நல்ல செய்தி. என் ஹாம் ரேடியோ உரிமம் வந்துவிட்டது! வயிற்றில் உருண்டையோடு போய் எழுதிய பரீட்சை. "குழந்தையே அஞ்சு மாசத்துக்கு முன்னாடி வந்துடுச்சு, காகிதம் இப்பத்தான் வருது" என்று உன் அண்ணன் கிண்டல் செய்கிறார். மாடியில், எப்போதும் ஒயரும் கையுமாக நீ உட்கார்ந்திருந்த உன் அறையைத் தூசி தட்டி, நீ விட்டுப்போன ரேடியோவை லாப்டாப்போடு இணைத்துவிட்டேன். நீ சொன்ன அதே டிஜிட்டல் மோட் மென்பொருள்தான். பேச வேண்டாம், தட்டினால் போதும். அதுவே சத்தமாக மாற்றி அனுப்புகிறது, வருகிற சத்தத்தை எழுத்தாக்கித் திரையில் காட்டுகிறது. கால் நிமிடம் அனுப்ப, கால் நிமிடம் கேட்க.

ஒயரு, நீ தெரிகிறாய்! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் சாயும்போது உன் அழைப்புக்குறி அப்படியே திரையில் வந்து நின்றது. உடனே உன் பெயரின்மேல் இரண்டு தட்டு தட்டினேன். ரேடியோ "ஊஉம்" என்று அனுப்பியது. நீ யாருக்கோ பதில் சொன்னாய். மறுபடி தட்டினேன். மறுபடி வேறு யாருக்கோ. மூன்று ஞாயிறாக இதே கதை. எதிரே நின்று கையைக் காலை ஆட்டுகிறேன், நீ பார்க்காமல் போகிறாய். கல்யாணமான புதிதில் சமையலறையிலிருந்து நான் கூப்பிட்டால் திரும்பாமல் போவாயே, அதே மாதிரி. அப்போது உன்னைத் திமிர் பிடித்தவள் என்றுகூட நினைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. நான் என்ன தப்பு செய்கிறேன், சொல்.

உருண்டை சமர்த்து. தூங்கினால் தூங்கினதுதான். நேற்று குக்கர் விசில் காதருகே அடித்தும் அசையவில்லை. குழந்தை தூங்காமல் படுத்துகிறது என்று எல்லோரும் அழுகிறார்கள். எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

இங்கே எல்லாம் சுகம், மூக்கு மட்டும் ஒழுகுகிறது. காலுறை வந்தது. ஒரு ஜோடியைச் சமையல்காரர் கடன் வாங்கினார், இனி திரும்பி வராது. அம்மாவின் முட்டிவலி தேவலையா?

உரிமம் வாங்கியதற்குக் கை கொடுங்கள். உங்கள் தப்பு எல்லோரும் செய்கிற தப்புதான். என் பெயரின்மேல் இரண்டு தட்டு தட்டினால் மென்பொருள் உங்களை நான் கூப்பிடுகிற அதே சுருதியில் கொண்டுவந்து நிறுத்திவிடும். இந்தத் தீவோடு ஒரு தொடர்பு கிடைக்காதா என்று உலகத்து ரேடியோக்காரர்களில் பாதிப் பேர் அலைகிறார்கள். அத்தனை பேரும் என் அதே இடத்தில், ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். எனக்கு அது ஒரு இரைச்சல், அவ்வளவுதான். அதில் அண்ணி எங்கே, ஆட்டுக்குட்டி எங்கே?

அனுப்புகிற சுருதிக்குப் பக்கத்தில் 'ஹோல்ட்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் டிக் போடுங்கள். பிறகு ஆள் இல்லாத வெற்றிடமாகப் பார்த்து உங்கள் குறியை வையுங்கள். அப்புறம் என்னைத் தட்டினாலும் உங்கள் இடம் நகராது. நீங்கள் என்னைக் கேட்பது என் இடத்தில். என்னைக் கூப்பிடுவது உங்கள் இடத்தில். எனக்கு முழுத் திரையும் தெரியும், எங்கே நின்று கூப்பிட்டாலும் பார்ப்பேன். கேட்கிற இடத்திலேயே பேச வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதைத்தான் ஸ்ப்ளிட் என்கிறோம்.

கப்பல்காரர் கடிதத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அண்ணி, குக்கர் விசிலுக்குமா முழிக்கவில்லை? கதவு சாத்தினால்?

உங்கள்,
ஒயரு

மார்ச் 30

அன்புள்ள ஒயருக்கு,

எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டிவலி குறைந்தது, குரல் குறையவில்லை. கீழே இருந்து அவர் கூப்பிட்டால் மாடியில் ரேடியோ முள்ளே ஆடுகிறது. உன் மூக்குக்கு ஆவி பிடித்தாயா?

நீ சொன்னபடி டிக் போட்டேன். இடது ஓரத்தில், அடி மட்டத்தில் ஒரு வெற்றிடம். அங்கே குறியை வைத்துக் கூப்பிட்டேன். இரண்டு கூப்பாடு போடவில்லை, போன் வந்துவிட்டது. நாலு தெரு தள்ளி டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, உனக்கு ஆண்டெனா கட்டிக் கொடுத்தவர், அவர்.

"என்னம்மா, நீங்க ஒரு ஆளா, நாலு ஆளா?"

"ஏன் சார்?"

"என் திரையில நாலு இடத்துல கோடு விழுது. ஒண்ணுதான் நீங்க, மத்தது உங்க பேய். நான் ஒருத்தரைப் புடிக்க ஒரு வாரமா உக்காந்திருக்கேன், அவர் மேல உங்க பேய் ஏறி உக்காந்திருக்கு. பவரைக் கொறைங்கம்மா!"

குறைத்தேன். பேயும் போனது, நானும் போனேன். உனக்கு எங்கே கேட்கப்போகிறது?

இன்னொன்று, சிரிக்காதே. உருண்டைக்கு என்மேல் ஏதோ கோபம். அவள் அப்பா வாசலில் வந்து "டேய் உருண்டை" என்றால் பட்டென்று திரும்புகிறாள். அத்தை ஒரு அதட்டுப் போட்டால் திரும்புகிறாள். நான் பின்னால் நின்று கொஞ்சினாலும், பாடினாலும், தட்டாமாலை சுற்றினாலும் திரும்புவதில்லை. முன்னால் வந்தால் மட்டும் என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. நாள் முழுக்க நான்தான் இருக்கிறேன் என்று சலித்துவிட்டதோ? பால் சரியாகக் கொடுக்கவில்லையோ? உன் அண்ணன், "உனக்கு யோசிக்க விஷயமே இல்லன்னா குழந்தையப் புடிச்சுக்கறே" என்கிறார்.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 13

அன்புள்ள ஒயருக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் இன்னும் வரவில்லை. கப்பல் தாமதம் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள்.

சென்ற ஞாயிறும் கூப்பிட்டேன். நீ தெரிந்தாய், நான் தெரியவில்லை. ஆண்டெனா ஒயர் ஒரு பக்கம் தொய்ந்திருக்கிறது, அதை இழுத்துக் கட்டச் சொல்ல வேண்டும். மழைக்கு முன்னால் செய்வது நல்லது. ரேடியோவின் மின்விசிறி கொஞ்சம் சத்தம் போடுகிறது, எண்ணெய் விடலாமா?

உருண்டை நலம். வேறு ஒன்றும் இல்லை.

அண்ணி

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணி,

சளி போய் இருமல் வந்திருக்கிறது, வேறு குறையில்லை. மார்ச் மாதம் நீங்கள் போட்டது மட்டும்தான் கைக்கு வந்தது.

கடைக்காரர் பாதி சரி. பேய் வந்தது உண்மை, பவர் அதிகமாக இருந்ததும் காரணம்தான். ஆனால் முக்கியமான விஷயம் வேறு. அடிச் சுருதியில் ஒன்றை அனுப்பினால் அதன் இரட்டிப்பும் மும்மடங்கும் கூடவே லேசாகக் கிளம்பும். அவை ரேடியோவின் கதவுக்குள்ளேயே, அதாவது அது வெளியே விடுகிற சுருதிகளின் எல்லைக்குள்ளேயே, வந்து விழுவதால் அவற்றையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடும். சுருதி நடுவுக்கு மேலே இருந்தால் அதன் இரட்டிப்பு கதவுக்கு வெளியே போய்விடும், பேய் பிறக்காது.

அதற்கும் ஒரு வழி உண்டு. அமைப்புகளில் ரேடியோ பக்கத்தைத் திறந்தால் 'ஸ்ப்ளிட்' என்று இன்னொரு இடம் இருக்கும். இப்போது 'நன்', அதாவது எதுவுமில்லை, என்று இருக்கும். அதை 'ஃபேக் இட்', அதாவது 'பொய்யாக நடி', என்று மாற்றுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நீங்கள் அனுப்புகிற கால் நிமிடத்துக்கு மட்டும் மென்பொருள் ரேடியோவையே கொஞ்சம் நகர்த்தி, சுருதியை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். வானத்தில் நீங்கள் நிற்பது அதே அடிமட்ட இடம்தான். சத்தம் மட்டும் சுத்தமாக இருக்கும். அப்புறம் பவரைத் தைரியமாக ஏற்றுங்கள்.

போன கடிதத்தில் நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. அதனால் வேறு மாதிரி கேட்கிறேன். உருண்டை உங்களைப் பார்க்காத நேரத்தில், பின்னால் இருந்து ஸ்பூனால் எவர்சில்வர் தட்டில் லேசாகத் தட்டுங்கள். அப்புறம் கதவை டமால் என்று சாத்துங்கள். இரண்டுக்கும் என்ன செய்கிறாள் என்று எழுதுங்கள். சலிப்பு, பால் என்றெல்லாம் எழுத வேண்டாம். ஸ்பூன், கதவு, அவ்வளவுதான்.

உங்கள்,
ஒயரு

மே 17

அன்புள்ள ஒயருக்கு,

உன் இருமலுக்கு மாத்திரை வைத்திருக்கிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த வரியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவுக்குத் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். ஸ்பூனுக்குத் திரும்பவில்லை. நான் சரியாகத் தட்டவில்லையோ என்று பலமாகத் தட்டினேன். தட்டை மாற்றினேன். கண்ணாடி டம்ளரில் தட்டினேன். சாவிக்கொத்தை ஆட்டினேன். அவள் பொம்மையின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதமே எனக்குத் தெரியும், ஒயரு. ஆண்டெனா தொய்ந்திருக்கிறது என்று பக்கத்தை நிரப்பினேனே, அன்றைக்கே. எழுதினால் நிஜமாகிவிடும் என்று எழுதவில்லை.

உன் அண்ணனிடம் சொன்னேன். "நான் கூப்பிட்டாத் திரும்புறாளே, அப்புறம் என்ன?" என்று அங்கேயே நின்று "டேய் உருண்டை" என்றார். அவளும் திரும்பினாள். ஏதோ வழக்கில் ஜெயித்தவர்போல என்னைப் பார்த்தார். டாக்டரிடம் போகலாம் என்றால் அத்தை, "இந்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் நிதானம். ஒரு வயசு ஆகட்டும். இப்பவே தூக்கிட்டு ஓடினா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, பொம்பளப் புள்ள வேற" என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தினமும் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தட்டத் தோன்றுகிறது. ரோட்டில் ஹாரன் அடித்தால் அவளைப் பார்க்கிறேன். அவள் தூங்கினால் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு குக்கர் விசிலைப் பிடித்தாயே, எப்படி? உனக்கு என்ன தெரியும்? மறைக்காமல் எழுது.

அண்ணி

ஜூன் 11

அன்புள்ள அண்ணி,

நான் சுகம். இந்த முறை நான் கேட்க வேண்டியது உங்கள் உடம்பை. தூங்குகிறீர்களா? சாப்பிடுகிறீர்களா?

நீங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுத முடியாது. அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் அம்மா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயைத் திறக்கவோ எழுதவோ கூடாது. ஆனால் உங்களிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லையே. அம்மாவிடம் நேராகப் போய் ஒன்று கேளுங்கள்: ஒயரு ஏன் ஒருநாளும் முடியை ஏற்றிக் கட்டினதில்லை?

ஒரு வயது வரை காத்திருக்காதீர்கள். நாலு பேர் பேசட்டும். அவள் கேட்டால் போதும்.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். உங்கள் குரல் கீச்சுக்குரல் அண்ணி, குழந்தையைக் கொஞ்சும்போது இன்னும் மேலே ஏறும். அண்ணனும் அம்மாவும் பேசுவது அடித்தொண்டையில். உங்களுக்கு வசதியான இடத்திலேயே நின்று கூப்பிடாதீர்கள். அவளுக்குக் கேட்கிற இடத்துக்கு இறங்கிப் போய்க் கூப்பிடுங்கள்.

உங்கள்,
ஒயரு

ஜூலை 8

அன்புள்ள ஒயருக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் வருகிறபோது வருகிறது. உன் மருந்து, பேட்டரி எல்லாம் போதுமான அளவு இருக்கிறதா? பேட்டரி என்று இப்போது எழுதலாம் அல்லவா?

கேட்டேன். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஒயரு ஏன் முடியை ஏத்திக் கட்டினதே இல்ல?"

மடிப்பு நின்றது. "அவ சொன்னாளா?"

"சொல்லல. கேக்கச் சொன்னா."

"ரெண்டும் ஒண்ணுதான்." மறுபடி மடிக்க ஆரம்பித்தார். உருண்டையின் சட்டையை நாலாக, எட்டாக, இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்கு. "ரெண்டு காதுலயும் மிஷின். மூணு வயசுல கண்டுபிடிச்சோம். அதுவரைக்கும் பிடிவாதக்காரின்னு அடிச்சிருக்கேன். அவளுக்கு ஒரு எடம் அமையணும், அவனுக்கு ஒரு பொண்ணு வரணும். சொல்லியிருந்தா உங்க வீட்ல உன்னைக் குடுத்திருப்பாங்களா?"

"கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"தெரு பூரா நான் கத்திப் பேசறேன்னு சொல்லும். எதுக்குக் கத்திப் பழகினேன்னு நெனச்சே?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்ப உருண்டையப் பத்தி உங்களுக்கு முன்னாடியே…"

"நீ ஸ்பூனைத் தட்டறதுக்கு முன்னாடியே நான் தட்டிப் பாத்துட்டேன்" என்றார். கத்தாமல் அவர் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். "கதவைச் சாத்திக்கிட்டு, நீ குளிக்கப் போன நேரத்துல."

அப்புறம் இரண்டு பேரும் அந்தத் துணிக்குவியல் நடுவே உட்கார்ந்து அழுதோம். உன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு வெளியே போய் ஆட்டோ கூட்டிவந்தார். அவரும் இதை என்னிடம் மறைத்தவர்தானே, அவரோடு மூன்று நாள் பேசவில்லை. இப்போதும் உப்பு வேண்டுமா என்கிற அளவுக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் உருண்டையைத் தூங்கவைத்து நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். (உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.) தாளில் ஒரு கோடு. இடப்பக்கம், அடிச் சுருதியில், சமமாகப் போகிறது. வலப்பக்கம் மேலே போகப் போகப் படியிலிருந்து விழுகிற மாதிரி இறங்குகிறது. என் குரல், ஸ்பூன், விசில் எல்லாம் அந்தப் பள்ளத்தில். கோபமெல்லாம் இல்லையாம், ஒயரு. நான் கூப்பிடுவதே அவளுக்கு வந்து சேரவில்லையாம். காதுக்கு அச்சு எடுத்திருக்கிறார்கள். மிஷின் வரச் சில வாரம் ஆகும்.

குரலை இறக்கிப் பார்த்தேன். வரவில்லை. தவளை மாதிரி இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அழுகை வந்துவிடுகிறது, அழுகை வந்தால் குரல் தானாக மேலே போய்விடுகிறது.

ரேடியோவிலும் நீ சொன்னதைச் செய்துவிட்டேன். 'ஃபேக் இட்' என்பதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நம் வீட்டில் அதை எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மென்பொருளில் மட்டும்தான் அதனால் பிரயோஜனம். டிவி கடைக்காரர் போன் பண்ணி, "பேய் போயிடுச்சும்மா" என்றார்.

அன்புடன்,
அண்ணி

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணி,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூடப் பொறுமையில்லை. எங்கே போனீர்கள்?

ஞாயிறு சாயங்காலம் வழக்கம்போல எல்லோரும் என் தலைமேல் ஏறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்தில், அடியில், யாருமில்லாத இடத்தில் ஒரு மெல்லிய கோடு. கண்ணுக்கே சரியாகத் தெரியாத கோடு. மென்பொருள் அதைப் படித்துவிட்டது. உங்கள் அழைப்புக்குறி! நாற்காலியோடு எழுந்துவிட்டேன். உடனே பதில் போட்டேன். உங்கள் சத்தம் மைனஸ் இருபத்திரண்டு என்று அனுப்பினேன். காதால் கேட்டால் வெறும் இரைச்சல்தான் அண்ணி. அத்தனை அடியிலிருந்து வந்தது. இதில் மட்டும் நானும் மற்றவர்களும் சமம், எல்லோரும் கண்ணால்தானே கேட்கிறோம். அதனால்தான் எனக்கு இந்த மோட் பிடித்தது.

நீங்கள் 'கிடைத்தது' என்று ஒரு வரி திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், நான் 'சரி' என்று முடித்திருப்பேன். வரவில்லை. மறுபடி மறுபடி அனுப்பினேன். பின்னால் ஒரு கூட்டமே என்னைத் திட்டிக்கொண்டு காத்திருந்தது. உருண்டைக்கு ஏதாவதா?

அம்மாவிடம் கோபமில்லை என்று சொல்லுங்கள். முடியை இங்கே வந்த முதல் நாளே ஏற்றிக் கட்டிவிட்டேன். இங்கே அடிக்கிற காற்றில் விரித்துப் போட்டால் பலூனோடு நானும் போய்விடுவேன். மிஷினைப் பார்த்துச் சமையல்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: "இதுல பாட்டு வருமா?"

சீக்கிரம் எழுதுங்கள். 

ஒயரு

ஆகஸ்ட் 16

அன்புள்ள ஒயருக்கு,

உருண்டைக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. எனக்குத்தான் இரண்டு வாரத்துக்கும் மேலாகச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருக்கிறது. உனக்கு எழுதுகிறேன் என்றதும் அத்தை உன் இருமலை விசாரிக்கச் சொன்னார்.

அன்றைக்கு உருண்டையை உன் அறையில் பாயில் விட்டுவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உன் பழைய ஸ்க்ரூ டிரைவர் டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள். திரையில் உன் பெயர். பக்கத்தில் என் பெயர். மைனஸ் இருபத்திரண்டு.

"அத்தை, உங்க பொண்ணு பதில் சொல்லிட்டா!" என்று கீழே பார்த்துக் கத்தினேன். என்ன கத்தல்! கட்டின தொண்டையில் அடிவயிற்றிலிருந்து ஏதோ லாரி கிளம்புகிற மாதிரி வந்தது.

டப்பா உருளும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவள் திரும்பியிருந்தாள். கதவுக்கு இல்லை, அப்பாவுக்கு இல்லை. என்னைப் பார்த்து, இது யாரு புதுசா என்கிற மாதிரி.

"உருண்டை" என்றேன், அதே லாரிக் குரலில். வாயைத் திறந்து சிரித்தாள்.

எழுந்த வேகத்தில் கால் ஒயரில் மாட்டி, ரேடியோவுக்கும் லாப்டாப்புக்கும் நடுவே இருக்கிற இணைப்பு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. மென்பொருள் தானாக அனுப்ப இருந்த 'கிடைத்தது' அதோடு போனது. நீ மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க, நான் அறை முழுக்கத் தவழ்ந்து, அவள் முதுகுக்குப் பின்னால் போய்ப் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பினாள். அத்தை மூச்சு வாங்க மாடியேறி வந்து வாசலில் நின்று பார்த்தார். "என்னாச்சு உன் தொண்டைக்கு?" என்றார். அப்புறம் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முடிக்காத தொடர்பு கணக்கில் சேராது என்று எனக்குத் தெரியும். இணைப்பை ஒட்ட டிவி கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். உன் கூட்டத்திடம் என் மன்னிப்பைச் சொல்.

மிஷின் அடுத்த வாரம் வந்துவிடும் என்கிறார்கள். அதற்குள் தொண்டை சரியாகி, இந்த லாரிக் குரல் போய்விடும்போல இருக்கிறது. அத்தை காலையும் மாலையும் வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து வைக்கிறார். ஆறின பிறகு எடுத்துப்போய் அவரே கொட்டிவிடுகிறார். நான் தொடுவதில்லை, அவரும் ஏன் என்று கேட்பதில்லை.

அன்புடன்,
அண்ணி